கோரை நட்ட நாள்

தாயில்பட்டிக்கு மேற்கே இருந்த சாயப்பட்டறையில் வேட்டு சுற்றும் காகிதத்துக்குச் சாயம் ஏற்றினார்கள். நாற்பது பெண்களுக்கு அங்கே வேலை. கழுவிவிட்ட தண்ணீர் வாய்க்கால் வழியாக ஊர்க் கண்மாயில் விழுந்தது. ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் பச்சை. பட்டறையில் என்ன ஆர்டர் ஓடுகிறது என்பதைக் கண்மாய்க்கரையில் நின்றே சொல்லிவிடலாம். அறுபத்துமூன்றாம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு வெள்ளாடு ரோஸ் நிறத் தாடியோடு வீடு திரும்பியது. ஊரே சிரித்தது. பஞ்சாயத்துத் தலைவர் கோட்டைச்சாமி மட்டும் சிரிக்கவில்லை.

“புரட்டாசி கடைசி வெள்ளிக்கிழமை, தண்ணி கண்மாய்ல விழுற இடத்துல என் புது வேட்டியை முக்குவேன். சாயம் ஏறுச்சுன்னா பட்டறைக்குப் பூட்டு.”

அந்த நாற்பது பேரில் ஒருத்தி வேலுத்தாய். பத்து வருஷம் கோட்டைச்சாமியின் பருத்திக்காட்டில் குனிந்து கிடந்த முதுகு அவளுடையது. பட்டறைக்கு வந்த பிறகுதான் நிமிர்ந்திருந்தது. பூட்டு விழுந்தால் மறுபடியும் அந்தக் காட்டுக்குத்தான் போகவேண்டும்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் வாய்க்காலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்கால் வளையும் இடத்தில் சம்பங்கோரை ஒரு புதராக மண்டியிருந்தது. புதருக்கு மேலே தண்ணீர் குங்குமமாக வந்தது. கீழே அந்தச் சிவப்பில் பாதி இல்லை. மூன்று நாள் பார்த்தாள், மூன்று நாளும் அப்படியே. நாலாம் நாள் எழுந்து ஓடினாள்.

ரோட்டுப் பாலத்துக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார் யூனியன் ஓவர்சியர் சோலைமலை. அவள் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டு, நாடாவைச் சுருட்டாமலே அவளோடு நடந்தார். புதருக்கு மேலும் கீழும் ஒவ்வொரு கை தண்ணீர் அள்ளிப் பார்த்தார்.

“கரிசல் மண்ணு சாயத்தைப் பிடிச்சு வச்சுக்கிடும். ஆனா அதுக்கு நேரம் வேணும். கோரை தண்ணியைத் தடுத்துத் தடுத்து அந்த நேரத்தைக் குடுக்குது” என்றவர், குச்சியால் தரையில் கோடு போட ஆரம்பித்தார். “வாய்க்காலை இங்கன அகலமாக்கி ஆறு பாத்தி கட்டுவோம். ஒரு கரைக்கு இடது பக்கம் வழி, அடுத்ததுக்கு வலது பக்கம். தண்ணி பாம்பு மாதிரி நெளிஞ்சு போகணும். சாண் ஆழம் போதும். முதல் பாத்தியில சரளைக்கல்லு, காகிதக் கூழு அங்கயே நின்னுக்கிடும். அரை மணியில ஓடுற தண்ணி இதுக்குள்ள மூணு நாள் கிடக்கட்டும்!”

அவர் குரலே ஏறியிருந்தது.

ஆடி மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பெண்கள் மண் வெட்டினார்கள். தண்ணீரைச் சுத்தம் பண்ணப் பாத்தி கட்டுவதாகத் தலைவரிடம் சொன்னபோது, “கட்டுங்க, கட்டுங்க” என்றதோடு விட்டுவிட்டார். கோரையை வேரோடு கொண்டுவந்து நட்டார்கள். ஆவணி முடிவில் அது இடுப்பு உயரம் நின்றது. ஆறாம் பாத்தியில் கையை விட்ட வேலுத்தாய் கத்தியே விட்டாள்.

“சார், என் நகம் தெரியுது! அடியில கிடக்குற கல்லும் தெரியுது!”

புரட்டாசி முதல் ஞாயிறு ஊருக்கு மராமத்து நாள். மழைக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வாய்க்காலைத் தூர்வார வேண்டும். பட்டறைக்கு அன்று விடுமுறை. கணவன் நாகையாவுக்கு மதியக் கஞ்சி கொண்டுபோன வேலுத்தாய் கரையேறிப் பார்த்தாள்.

கோரை ஒரு தண்டுகூட இல்லை. வேரோடு பிடுங்கியதில் கரைகளும் பெயர்ந்து, ஆறு பாத்தியும் ஒரே சேறாகக் கிடந்தன. கரைமேல் கோரை வைக்கோல்போர்போலக் குவிந்திருந்தது.

கோட்டைச்சாமி முகமெல்லாம் சேறாக, பூரிப்போடு நின்றார். “ஏ வேலுத்தாயி, உங்க பாத்தியையும் சேத்துச் சுத்தம் பண்ணிட்டோம்! எம்புட்டுக் கோரை மண்டிக் கிடந்துச்சு! பொம்பளையாளுக என்ன பண்ணுவீகன்னுதான் நானே இறங்கிட்டேன்.”

கரிசல்காட்டில் உழுகிற சம்சாரிக்குக் கோரை தானாக வருவது, கண்டால் பிடுங்குவது. அதை ஒருத்தி நட்டு வளர்ப்பாள் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

அவள் நாகையாவைப் பார்த்தாள். அவன் கையிலும் ஒரு பிடி கோரை.

“தலைவரே பிடுங்குறாரு. நான் என்னன்னு தடுக்க?” என்று முனகினான்.

அவள் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தாள்.

“ஐயா, அந்தக் கோரை நாங்க நட்டதுதான். அதுதான் சாயத்தை நிறுத்துச்சு.”

யாரோ சிரித்தார்கள். “கோரைய நட்டாளாம்லே! அடுத்து கருவேல முள்ளுக்கு உரம் போடுவா!”

“மராமத்துல கரையை உடைச்சவக பொழுது சாயறதுக்குள்ள கட்டிக் குடுக்கணும்னு வருசா வருசம் சொல்றது ஆரு ஐயா?” என்றாள் வேலுத்தாய்.

சிரிப்பு நின்றது. “அது வாய்க்கால் கரைக்கு” என்றார் கோட்டைச்சாமி.

“இது எங்கன இருக்கு? வாய்க்கால்லதான இருக்கு?”

அவர் குனிந்து, பெயர்ந்து கிடந்த கரையைப் பார்த்தார். நாற்பது ஆண்கள் மண்வெட்டியை ஊன்றி நின்றார்கள். வேலுத்தாய் வைத்த காலைப் பின்னே எடுக்கவில்லை.

கோட்டைச்சாமி வேட்டியை மறுபடியும் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். “ஏலே, என்ன மரமா நிக்கிறீக? இறங்குங்கலே! எந்தப் பக்கம் வழி விடணும், நீயே சொல்லு தாயி.”

இடது, வலது, இடது என்று அவள் கரைமேல் ஓடி ஓடிச் சொன்னாள்.

“எங்கய்யா ஆயுசு பூரா கோரை பிடுங்கியே செத்தாரு. நான் நடுறேன். மேல இருந்து பாத்தாருன்னா என்னைய வைவாரு!” என்றான் ஒருவன். சேற்றுக்குள் சிரிப்பு அலையாகப் பரவியது. பொழுது சாயும்போது ஆறு பாத்தியும் கோரையோடு நின்றன.

வேர் பிடிக்குமா என்று இருபது நாள் வேலுத்தாய் தூங்கவில்லை. பழுத்து விழுந்த கோரைத் தாள்களுக்கு நடுவிலிருந்து ஈட்டி ஈட்டியாகக் குருத்து வந்தது.

கடைசி வெள்ளிக்கிழமை ஊர் முழுக்கக் கண்மாய்க்கரையில் திரண்டது. கோட்டைச்சாமி கையில் கொண்டுவந்த புது வேட்டியின் நுனியைத் தண்ணீரில் முக்கி, நிதானமாகப் பிழிந்து விரித்தார். சிவப்பு இல்லை, பச்சை இல்லை. ஆனால் மங்கலாக ஒரு பழுப்பு.

“சாயம்!” என்றது ஒரு குரல்.

“மண்ணு” என்றாள் வேலுத்தாய். “காய விடுங்க ஐயா.”

வேட்டியின் இரு முனைகளையும் அவளும் நாகையாவும் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். காற்று அடித்தது. துணி காய்ந்து விறைத்தது. கோட்டைச்சாமி கிட்ட வந்து விரலால் ஒரு சுண்டு சுண்டினார். பழுப்பு புழுதியாகப் பறந்தது. துணி வெள்ளையாக இருந்தது.

அவர் வேட்டியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“நாளைக்கு என்ன சாயம்?” என்று கேட்டார்.

“சிவப்பு ஐயா.”

“போடுங்க” என்றார்.