ஒரே சொம்பு நாடகம்

மலைச்சாமிக்கு இருபது வயது. தேவாரம் டவுனுக்குக் கிழக்கே உள்ள ஒரு கிராமத்தின் பெரியதனக்காரர் மகன். மதுரையில் இரண்டு வருஷம் படித்துப் பரீட்சையில் கோட்டை விட்டவன். ஊரில் வந்து, தேசத்துக்காகப் படிப்பைத் துறந்ததாகச் சொல்லிக்கொண்டான். வந்த கையோடு வாலிபர்கள் நாலு பேரைச் சேர்த்து, 'சமத்துவ வாலிபர் நாடக சபை' என்று பலகையும் மாட்டினான். புராண நாடகம் போடக் கூடாது, அவரவர் சொந்தமாக எழுதிய குட்டி நாடகம்தான் என்பது சபையின் சட்டம். எழுதியவனே கதாநாயகன் என்பது எழுதாத சட்டம். ஆக ஐந்து பேருக்கு ஐந்து நாடகம், ஐந்திலும் ஐந்து ஜமீன்தார் மகன்கள்.

மலைச்சாமியின் நாடகத்துக்குப் பெயர் 'ஒரே சொம்பு'. தாகத்தில் சுருண்டு விழுந்த சேரிக் கூலியாளுக்கு ஜமீன்தார் மகன் தன் சொம்பிலேயே தண்ணீர் கொடுத்து, மிச்சத்தைத் தானும் குடிக்கிறான். கொடுப்பதற்கு முன்னால் மூன்று பக்கம் பேசுகிறான். கூலியாள் அதுவரைக்கும் சாகாமல் கிடக்க வேண்டும். அவனுக்கு வசனம் "சாமி, தண்ணி" மட்டும்தான்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மத்தியானம் மேடை. மதுரையிலிருந்து ஒரு கட்சித் தலைவர் வருகிறார். அவருக்குப் பிடித்த நாடகத்தை உத்தமபாளையம் மாநாட்டில் ஆயிரம் பேர் முன்னால் போடச் சொல்வார். இதைக் கேட்டதிலிருந்து மலைச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மாநாட்டு மேடை கிடைத்துவிட்டால் பரீட்சையையும் அப்பாவின் ஏச்சையும் ஊர் மறந்துவிடும். கிடைக்காவிட்டால் நாளைக்கே ஏர் பிடிக்க வேண்டியதுதான்.

நாடகத்தன்று காலையில் கூலியாள் வேஷக்காரன் கர்ணன் காலை வாரிவிட்டான்.

"எனக்கு வேணாம்ப்பா. பொண்ணு வீட்டுக்காரக தேவாரத்துலருந்து வாராக. கரியப் பூசிக்கிட்டுக் கோவணத்தோட நின்னேன்னா சம்பந்தம் அத்துப்போகும்."

"ஏலே, இது நாடகந்தானடா!"

"அப்பன்னா நீயே போடு."

சபையின் இன்னொரு உறுப்பினனான ராஜமணி ஒரு வழி சொன்னான். "தமுக்கடிச்சு ஆள் கூட்டுறானே சேரி அம்மாவாசி, ஒத்திகை பூராம் அங்கன வெளிய நின்னு கேட்டிருக்கான். அவனையே ஏத்திருவமா?"

மலைச்சாமி பதறிப்போனான். "எனக்கு ஒண்ணுமில்ல, ஊரு ஒத்துக்கிராது. பெறகு அந்தச் சொம்புல நானுல்ல குடிக்கணும்?"

யாரும் சிரிக்கவில்லை. சபையில் அத்தனை பேருக்கும் அது நியாயமாகவே பட்டது. சமத்துவம் வாயிலிருந்து வெளியே வரலாம், வாய்க்குள்ளே போகலாமா? வேறு யாரும் முன்வராததால் கடைசியில் கரியை மலைச்சாமியே பூசிக்கொண்டான். கர்ணன் ஜமீன்தார் மகனாகச் சரிகைத் தலைப்பாகை கட்டி, பெண் வீட்டார் பார்க்கும்படி நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

தலைவர் நாற்காலியில், ஊர்க்காரர்கள் பாயில், கயிறு கட்டிப் பிரித்த அந்தப் பக்கம் வெறும் புழுதியில் அம்மாவாசியும் அவர் தெரு ஜனங்களும். நாலு நாடகம் முடிந்து 'ஒரே சொம்பு' வந்தது. கர்ணன் மூன்று பக்கத்தையும் காகிதம் பார்த்து, ரயில்வே அறிவிப்பு மாதிரி வாசித்தான். தன் வசனம் ஒரு கைதட்டுக்கூட வாங்காமல் சாவதை மலைச்சாமி மேடையில் மல்லாந்து கிடந்து கேட்டான். தலைவர் கொட்டாவி விட்டார்.

முடிந்ததும் நடிகர்களுக்கு மேடையிலேயே சுக்குக் காப்பி கொடுப்பதாக ஏற்பாடு. கம்பம் டவுனிலிருந்து அன்று காலைதான் வந்திறங்கிய சமையல்காரர் நல்லகண்ணு வாளியோடு ஏறினார். கர்ணனுக்கும் மற்றவர்களுக்கும் பித்தளை டம்ளரில் கொடுத்தார். மலைச்சாமி முன்னால் வந்ததும் நின்றார். உடம்பெல்லாம் கரி, இடுப்பில் கோவணம், தலையில் கந்தல். யாரடா இவனை மேடையில் ஏற்றியது என்று முகம் சுளித்தவர், போய் ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்துவந்து தரையில் வைத்தார். இரண்டடி தள்ளி நின்று, உயரத் தூக்கி ஊற்றினார்.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதை எடுத்துக் குடித்திருந்தால் போதும், மூன்று பக்க வசனம் செய்யாததை ஒரு வாய்க் காப்பி செய்திருக்கும். மலைச்சாமிக்கும் அது தோன்றத்தான் செய்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"யாருக்குடா சிரட்டை? நான் பெரியதனக்காரர் மகன்டா! மேலத்தெரு!" சிரட்டையை எட்டி உதைத்துவிட்டுக் கயிற்றுப் பக்கம் கையை நீட்டினான். "என்னைய அவிங்கள்ல ஒருத்தன்னு நெனச்சியா?"

தலைவர் எழுந்து கைதட்டினார். தலைவரே தட்டுகிறாரே என்று ஊரும் சேர்ந்து தட்டியது.

"அபாரம், தம்பி! சமத்துவம் பேசறவன் வேஷம் கலையறதுக்குள்ளே சாதியைச் சொல்லிக் கத்தறான். எங்களையெல்லாம் தோலுரிச்சுட்டீங்க. இந்தக் கடைசிக் காட்சியும் நீங்க எழுதினதா?"

மலைச்சாமிக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் ஆயிரம் பேர் கண்ணுக்குள் வந்தார்கள்.

"ஆமாங்கய்யா," என்றான். "நானே எழுதுனது."

"அப்போ உத்தமபாளையத்துக்கு இதுதான். ஒரு வார்த்தை குறையக் கூடாது. காப்பி ஊத்தினாரே, அவரையும் கூட்டி வாங்க. என்ன இயல்பான நடிப்பு!"

நல்லகண்ணு மிரண்டுபோனார். "நான் எங்கய்யா நடிச்சேன்? எல்லா ஊர்லயும் ஊத்துறாப்புலதான ஊத்துனேன்!"

கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஒத்திகை பூராவும் கேட்டிருந்த அம்மாவாசி வாய்விட்டுச் சிரித்தார். அவர் தெருவே சேர்ந்து சிரித்தது.