பூட்டுப் போட்ட பாகுப் பானை

ஒரு சொட்டுப் பீர்கூட எவர் தொண்டையிலும் இறங்காமல், ஓர் ஊர் முழுவதையும், அதன் நீதிபதி, பாதிரியார், தபால் வண்டிக் குதிரை உட்பட, ஒரே காலையில் போதையேற்றியவன் நான். அதுவும் மதுவிலக்குச் சட்டம் கோலோச்சிய 1926 பிப்ரவரியில். வானத்திலிருந்து இறக்கினேன். நம்பாதவர்கள் கையைத் தூக்கலாம். அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் மாநிலத்து நியூ ஹாசல் ஊரில் நாற்பது வருஷமாக ஒரே ஒரு கைதான் தூக்கியபடி இருந்தது. எல்வுட் பிரின்னின் கை. அப்போது அவன் மதுவிலக்கு அதிகாரி. இப்போது என்னைப் போலவே ஓய்வு பெற்றவன்; வெள்ளிக்கிழமைதோறும் என்னோடு சீட்டாடித் தோற்கிறவன்.

நான் டோர்ன்புஷ் பீர் ஆலையில் பீர் காய்ச்சும் கொப்பரைக்காரன். நாங்கள் ஜெர்மன்காரர்கள். முதல் உலகப் போரில் ஜெர்மனி எதிரியானதும் எங்கள் பிஸ்மார்க் தெரு வாஷிங்டன் தெருவானது. என் மாமா பயந்துபோய் நாயின் பெயரைக்கூட மாற்றினார்; அந்த நாய் சாகும்வரை புதுப் பெயருக்கு ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. போர் முடிந்த கையோடு பீர் போனது, பெண்களுக்கு ஓட்டு வந்தது, பீப்பாய் இழுத்த குதிரைகள் போய் லாரிகள் வந்தன. பீப்பாய்தான் காலி.

ஆலையை மூடாமலிருக்க முதலாளி டோர்ன்புஷ் ஒரு பர்மிட் வாங்கினார். வீரியமில்லாத பீர் தயாரிக்கும் பர்மிட். அதற்கும் முதலில் அசல் பீரைத்தான் காய்ச்ச வேண்டும். பிறகு அதைக் கொப்பரையில் கொதிக்கவிட்டு, சாராயத்தை ஆவியாக்கிப் புகைபோக்கி வழியே அனுப்பிவிட வேண்டும். இந்தக் கடைசி வேலைக்கு நாங்கள் வைத்த பெயர் ‘சாகடிப்பது’. கொப்பரையடியில் நெருப்பு ஏறும்போது எல்லோரும் தொப்பியைக் கழற்றி நிற்போம். ஒருத்தன் மூக்கைச் சிந்துவான். பெற்று வளர்த்ததைக் கொல்ல யாருக்குத்தான் மனசு வரும்? “நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று தள்ளிப்போட்டே அந்தக் குளிர்காலம் முழுக்கக் காய்ச்சிய பீர் அத்தனையும் தொட்டிகளில் உயிரோடு கிடந்தது. போதாததற்குத் தொழிற்சங்க ஒப்பந்தப்படி தொழிலாளிக்குக் காலையில் ஒரு குவளை, மதியம் ஒரு குவளை. சட்டம் மாறியது, ஒப்பந்தத்தை மாற்ற எவனுக்கும் ஞாபகம் வரவில்லை.

அன்று காலை டெலிபோன் அலறியது. முதலாளி எடுத்தார். முகம் சுண்ணாம்பானது.

“ரயில்ல ஒரு அதிகாரி இறங்கியிருக்கானாம். கையில பை. பைக்குள்ள சங்கிலி சத்தம் கேக்குதாம்.”

சங்கிலி என்றால் பூட்டு. பூட்டு விழுந்தால் ஒரு வருஷம் ஆலை திறக்காது. ஏரியில் பனிக்கட்டி அறுப்பவன், பீப்பாய் செய்பவன், லாரி ஓட்டுபவன், நான், எல்லோரும் நடுத்தெருவில். எனக்குக் கொப்பரையைத் தவிர உலகத்தில் எதுவும் தெரியாது.

“இப்போ எங்க இருக்கான் முதலாளி?”

“கோர்ட்டு மைதானத்துல. மதுவிலக்குப் பெண்கள் சங்கத்துத் திருவிழாவுக்கு அவன்தான் தலைமை. அதை முடிச்சிட்டு மத்தியானம் இங்க வருவான்.” கூண்டுப்புலி மாதிரி அறையை ஒரு சுற்று சுற்றி வந்து நின்றார். “எமில், எல்லாத்தையும் சாகடி.”

“எல்லாத்தையுமா? கொப்பரைக்கு மூச்சு முட்டிப் போயிடும்!”

“பூட்டு விழுந்தா ஊருக்கே மூச்சு முட்டும்டா. ஏத்து நெருப்ப!”

ஏற்றினேன். நரகத்திலிருந்து ஆள் வந்து விறகு கடன் கேட்கும் அளவுக்கு ஏற்றினேன். தொப்பி கழற்றக்கூட நேரமில்லை. தொட்டிக்கு ஓடுவதும், கொப்பரைக்கு ஓடுவதும், ஜன்னலுக்கு ஓடி அதிகாரி வருகிறானா என்று பார்ப்பதுமாகக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. குளிர்காலம் முழுவதன் சாராயமும் புகைபோக்கி வழியே வெள்ளைத் தூணாக எழுந்தது.

வெளியே காற்று அசையவில்லை. தேவாலய மணியின் நாக்கு மணியோடு ஒட்டிக்கொள்ளும் குளிர். மேலே போன ஆவி வெடவெடத்து நின்றது, கொஞ்சம் யோசித்தது, பிறகு பூப்பூவாகப் பனியாகத் திரும்பி இறங்கியது. கோர்ட்டு மைதானத்தின் மேல்.

அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? ‘மதுவில்லாத மகிழ்ச்சி’ என்று பெரிய துணி கட்டி, ஹெஸ்டர் என்ற இளம்பெண், சங்கத்தின் செயலாளர், அண்டா போன்ற பானையில் மேப்பிள் மரச்சாற்றுப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. புதுசாகப் பெய்த பனியைத் தட்டில் அள்ளி, கொதிக்கும் பாகை மேலே ஊற்றினால், பாகு மிட்டாயாக இறுகும். பனியோடு சேர்த்து விழுங்க வேண்டும். பனி எவ்வளவு புதுசோ அவ்வளவு ருசி.

அன்றைய பனி அடுப்பிலிருந்து இறக்கிய மாதிரிப் புதுசு.

“இன்னொரு தட்டு, மிஸ்டர் பிரின்?” என்றாள் ஹெஸ்டர்.

“வேண்டாம்மா. கடமை காத்திருக்கு.”

“கடமை உருகிடுமா என்ன? பனிதான் உருகும். சாப்பிடுங்க.”

சாப்பிட்டான். ஊரே சாப்பிட்டது. பாதிரியார் வேதாகமச் சங்கீதத்தைப் போல்கா நடன வேகத்தில் பாட ஆரம்பித்தார். நீதிபதி தான் தண்டித்த ஒவ்வொருவனையும் பெயர் சொல்லித் தேடித்தேடிக் கட்டிக்கொண்டார். தபால் வண்டிக் குதிரை நடுரோட்டில் நாய் மாதிரி உட்கார்ந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே ஆச்சரியம்: மதுவில்லாமல் இவ்வளவு மகிழ்ச்சியா! அன்று சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கூட்டம் தாங்கவில்லை.

மத்தியானம் எல்வுட் ஆலைக்கு வந்தான். தொப்பி பின்பக்கம் திரும்பியிருந்தது. சங்கிலி பனியில் கோடு போட்டுக்கொண்டே பின்னால் வந்தது. முதலாளி கதவோரம் நின்று நகத்தைக் கடித்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று என் நகத்தைக் கடித்தேன். கடைசித் தொட்டி காலியாகிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

எல்வுட் கருவியை எடுத்தான், ஒவ்வொரு பீப்பாயாகச் சோதித்தான், கருவியைத் தட்டிப் பார்த்தான், மறுபடி சோதித்தான். ஊரிலேயே அப்போது தெளிவாக இருந்தது அந்தப் பீர் ஒன்றுதான்.

“சுத்தம்!” என்று கத்தினான். “எங்க சித்தி போடுற காப்பில இதைவிட வீரியம் இருக்கும்!” முதலாளியின் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தான். “இந்தப் பூட்டை இவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்தேனே ஐயா. இதை நான் எங்க போடுறது?”

“குத்தம் எங்க நடக்குதோ அங்க போடுங்க சார்,” என்றார் முதலாளி, ஆளை வெளியே தள்ளும் அவசரத்தில்.

எல்வுட் அழுகையை நிறுத்தினான். நிமிர்ந்தான். வேட்டை நாய் மாதிரிக் காற்றை மோந்தான். விறுவிறுவென்று மைதானத்துக்கே திரும்பிப் போனான். ஹெஸ்டரின் பாகுப் பானைமேல் மூடியைக் கவிழ்த்து, காதுகளில் சங்கிலியைக் கோத்து, அரசாங்கப் பூட்டைப் போட்டான். “சட்டத்தின் பெயரால்!” என்று முழங்கிவிட்டு, சாவியைப் பனியில் நழுவவிட்டு, பானை மூடிமேலேயே உட்கார்ந்து தூங்கிப்போனான்.

ஆலை பிழைத்தது. சாவிதான் கிடைக்கவில்லை. அதைத் தேட எல்வுட் வாராவாரம் வந்தான். பனி உருகி, புல் முளைத்து, ஆடு மேய்ந்த பிறகும் தேட வந்தான். கடைசியில் ஹெஸ்டரைக் கல்யாணம் செய்துகொண்டான். பூட்டிய பானையும் சீதனமாக வந்து இன்றுவரை அவர்கள் சமையலறை மூலையில் இருக்கிறது.

“நான் குடிக்கல, அது வெறும் பனி. அன்னிக்கு எனக்கு ஜுரம்,” என்பான் எல்வுட், எப்போது கேட்டாலும். “எமில் வாயைத் திறந்தா எருமைகூட முட்டை போடும்.”

போன வெள்ளிக்கிழமை. ஊர் நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் பானையைக் கொடுப்பதாக முடிவு. ஹெஸ்டர் அட்டையும் பேனாவுமாக வந்து எங்கள் சீட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

“கீழ என்ன எழுதட்டும்? பனியில ஒண்ணும் இல்லன்னு இவர்தான் சத்தியம் பண்றாரே. ‘அதிகாரி பிரின் தவறுதலாகப் போட்ட பூட்டு’ன்னு எழுதிடுறேன்.”

எல்வுட்டின் காது சிவந்தது. “தவறுதலாவா? ஹெஸ்டர், என் சர்வீஸ்ல ஒரு பூட்டு, ஒரே ஒரு பூட்டு, தப்பான இடத்துல விழுந்ததில்ல. கோர்ட்டே சொல்லியிருக்கு!”

“சாராயம் இருந்தாத்தானய்யா பூட்டு? எங்க பாகுல இருந்துச்சா?”

“பாகுல இல்ல.”

“அப்புறம்?”

நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்வுட் சீட்டைக் குப்புற வைத்தான். தொண்டையைக் கனைத்தான். ஒருதரம் என்னை முறைத்தான்.

“பனியில. போதுமா? பனியிலதான் இருந்துச்சு. அவன் சொல்றது அத்தனையும் நெசம், அந்தக் குதிரை உக்காந்ததைக்கூட நான் பாத்தேன். எழுதிக்கோ: பூட்டு சரியான இடத்துலதான் இருக்கு.”