தத்துக் கேட்ட பாரசீகன்

அபுதாபி அருங்காட்சியகம் ஒன்றுக்குத் தமிழில் ஒலி விளக்கம் எழுதுவது யாழ்ப்பாணத்துக் கஜந்தியின் வேலை. அதைப் படித்துக் குரல் கொடுப்பவன் காயல்பட்டினத்து உஸைர். இம்முறை வந்தது ரோமர்களும் பாரசீகர்களும் எல்லைக் கோட்டைகளில் முறைத்துக்கொண்டிருந்த காலத்துக் கதை. பாரசீக மன்னன் கவாது, தனக்குப் பின் மகன் கோஸ்ரோவை அரியணை ஏற விடமாட்டார்கள் என்று பயந்து, ரோமப் பேரரசனுக்கே ஆளனுப்பினான்: என் மகனைத் தத்தெடுத்துக்கொள்.

"எதிரிகிட்டயா புள்ளையக் குடுப்பாங்க?" என்றான் உஸைர்.

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

பேரரசன் மகிழ்ந்துதான் போனான். ஆனால் அவனுடைய ஆலோசகன் தடுத்தான்: எழுத்தில் தத்தெடுத்தால் நாளை அந்த மகன் ரோமையே சொத்தாகக் கேட்பான். ஆகவே எல்லையில் கூடியபோது ரோமத் தூதர்கள், ஆயுதம் கொடுத்து மகனாக்கும் சடங்கு மட்டும் போதும், பத்திரம் கிடையாது என்றார்கள். காட்டுமிராண்டிகளுக்குச் செய்வதை எங்களுக்குமா என்று பாரசீகர் எழுந்துபோனார்கள். டைக்ரிஸ் கரையில் காத்திருந்த கோஸ்ரோ கறுவிக்கொண்டே திரும்பினான்.

கஜந்தி வீடு வந்தபோதும் தலை தெளியவில்லை. காணி மதில் சண்டையில் பல வருடம் பேசாதிருந்த மச்சாள் கமலேஸ்வரி, கணவனின் அக்கா, பிள்ளையில்லாதவள், இப்போது கனடாவிலிருந்து கஜந்தியின் மகள் மேனுஜாவைத் தத்துக் கேட்கிறாள். தொலைவில் ருவைஸ் எண்ணெய் நகரில் வேலை பார்க்கும் கணவன் துஷாந்தனுக்குச் சம்மதம். "இஞ்ச எங்களுக்கு என்ன நிரந்தரம்? விசா முடிஞ்சா மூட்டை கட்டவேணும்" என்கிறான். பதினைந்து வயது மேனுஜாவோ, "ஐ டோன்ட் நோ அம்மா, நீங்களே டிசைட் பண்ணுங்கோ" என்றுவிட்டாள்.

மறுத்துவிடுவது என்றுதான் கஜந்தி அன்று போனை எடுத்தாள். கமலேஸ்வரி முந்திக்கொண்டாள்.

"பேப்பர் ஒண்டும் வேண்டாம் கஜந்தி. என்ர மகள் எண்டு வாயால சொன்னாக் காணும். எழுதினா நாளைக்கு வீட்டுக்கும் உரிமை எண்டு வந்திடும்."

கஜந்திக்கு ரத்தம் தலைக்கேறியது. "அப்ப என்ர பிள்ளை உங்களுக்கு ஆர் மச்சாள்? வீட்டு வேலைக்கு ஆளோ?"

மறுமுனை துண்டித்துக்கொண்டது. வேண்டாம் என்று சொல்ல வந்தவள், மச்சாள் பேப்பர் வேண்டாம் என்றதற்காக ஏன் கோபப்பட்டோம் என்று புரியாமல் நின்றாள்.

உள்ளே மேனுஜா அழுதுகொண்டிருந்தாள். "எனக்குப் போக விருப்பம் அம்மா. உங்களுக்கு விருப்பமில்லை எண்டுதான் சொல்லேல்லை."

மறுநாள் மாலை பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மேனுஜா, பையைக் கழற்றாமலே சொன்னாள்:

"மாமிக்கு நானே கால் பண்ணினன். வரச் சொல்லுறா."

"பேப்பரோடயோ, பேப்பரில்லாமலோ?"

"நான் கேக்கேல்லை அம்மா."

கஜந்தி சோபாவில் உட்கார்ந்தாள். மகளை அணைப்பதா, ஏசுவதா என்று தெரியாமல் அவளுடைய பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.