ஒன்பதாம் குழாய்

மூன்றாம் முறை குழாயிலிருந்து டேப்பை மேலே இழுத்தபோதும் ஈரக்கோடு அதே இடத்தில்தான் இருந்தது. நூற்றுப் பதினெட்டடி, இரண்டு அங்குலம். ராயப்பன் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று மறுபடியும் பார்த்தான். சனிக்கிழமை இதே குழாயில் தண்ணீர் நூற்று இருபத்தோரு அடிக்குக் கீழே கிடந்தது. மூன்றடி ஏறியிருக்கிறது.

நெய்வேலியில் நிலக்கரிக்கும் அடியில் ஊற்றுநீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. இராப்பகலாகப் பம்புகள் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அது அடங்கிக் கிடக்கும். இல்லையென்றால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும். அடங்கிக் கிடக்கிறதா என்று பார்ப்பதற்காகவே பதினோரு குழாய்களைச் சுற்றுவட்டாரத்தில் இறக்கியிருந்தார்கள். ஈயக்குண்டு கட்டிய டேப்பில் சாக்பீஸ் தடவிக் குழாய்க்குள் விட்டு, நனைந்த இடத்தைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவது ராயப்பன் வேலை. சித்திரை வெயிலில் ஈரம் நிற்காது. காய்வதற்குள் பார்த்துவிட வேண்டும்.

பத்துக் குழாய்கள் சுரங்கத்தை ஒட்டியே இருந்தன. ஒன்பதாவது மட்டும் குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரிக்காட்டுக்குள் தனியாகக் கிடந்தது. போக வர ஆறு மைல். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் அவன் அங்கே போகவில்லை. காய்ச்சல் இல்லை, வீட்டில் யாரும் படுத்த படுக்கையாகவும் இல்லை. அலுப்பு, அவ்வளவுதான். ஒன்றரை வருட அலுப்பு முழங்காலில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசையில் முழந்தாளிட்டவனுக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. அன்றைக்கு எட்டாம் குழாயோடு திரும்பி, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, ஒன்பதாம் குழாயில் தண்ணீர் ஒரு அங்குலம் இறங்கியதாக எழுதினான். நாளுக்கு ஓர் அங்குலம்தான் அதுவரை இறங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் கை கூசியது. மூன்றாம் நாள் கூசவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருந்தது.

மேஸ்திரிகள், பம்பு ஆட்கள் எழுதிக் கொண்டுவருகிற எதையும் ஓவர்சியர் வேணு லேசில் விடமாட்டார். குறுக்குக் கேள்வி கேட்டு, சந்தேகம் வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய் நின்றுவிடுவார். ராயப்பன் ரிஜிஸ்டரை மட்டும் திறந்த பக்கத்தில் அப்படியே கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவார். வேதக்காரன், பொய் எழுதமாட்டான் என்று மற்றவர்கள் முன்னால் சொல்லியும் காட்டுவார். கேட்கிற நாலு பேர் சிரிப்பார்கள். பாவசங்கீர்த்தனம் பண்ண ராயப்பனிடம் என்ன இருக்கப் போகிறது, சாமியாருக்குத்தான் பொழுது போகாது என்று கேலி செய்வார்கள். நல்ல பெயரும் ஒரு சுமைதான். இறக்கி வைக்க இடமில்லாத சுமை. வெள்ளிக்கிழமை, வேலை நிரந்தரமாகப் போகிறவர்களின் பெர்மனென்ட் லிஸ்டு மேலே போகிறது. அதில் வேணுவின் வாய்ச்சொல்தான் எல்லாம்.

திரும்பும் வழியில் கால் தானாக வீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. வீடென்றால் கூலி லைனில் கீற்றுக் குடிசை. அவன் மனைவி சின்னம்மாளுக்கு ஆசையெல்லாம் ஒரு கம்பெனி குவார்ட்டர்ஸ்தான், வாசலில் குழாயோடு. கஞ்சியை ஊற்றி வைத்தவளிடம் அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை.

"ஒரே நாள்ல மூணடி எழுதினாத்தான கேப்பாங்க? தெனம் அரையடியா ஏத்திக்கினு போயேன். நீ எழுதுனத எவன் பாக்கறான்?"

அதை அவனும் நினைத்துப் பார்த்திருந்தான். முந்திரிக்காட்டிலிருந்து வரும்போதே கணக்கும் போட்டுவிட்டான். ஆறேழு நாளில் பொய்யும் நிஜமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். யாருக்கும் நோகாது. லிஸ்டும் போய்விடும். தலையை ஆட்டிவிட்டுக் கஞ்சியைக் கையில் எடுத்தான்.

சின்னம்மாள் சட்டியை மூடப் போனவள் அப்படியே நின்றாள்.

"கீழ எத்தினி பேரு வேல செய்றாங்க?"

"ஷிப்டுக்கு முந்நூறு பேரு."

அவள் சட்டியை மூடிவிட்டு, மூலையில் கிடந்த அவன் செருப்பை எடுத்து வாசலில் போட்டாள். ராயப்பன் கஞ்சியைக் குடிக்காமலே எழுந்தான்.

தகரக் கொட்டகை ஆபீசில் வேணு ரிஜிஸ்டரை வாங்கி, வழக்கம்போலப் பார்க்காமலே பேனாவை எடுத்தார்.

"சார், கையெழுத்துப் போடாதீங்க. ஒம்பதாம் குழாய்க்கு மூணு நாளா போவல. போனாப்புல எழுதிட்டேன். இன்னிக்கிப் போனேன், மூணடி ஏறியிருக்குது."

வேணு முதலில் போனை எடுத்தார். அந்தப் பக்கத்துப் பம்புகளை விசாரித்தார். ஒரு பம்பு ஞாயிற்றுக்கிழமையே ரிப்பேர் ஆகி நின்றிருந்தது. ஒன்பதாம் குழாயில் மட்டம் இறங்கிக்கொண்டுதானே இருக்கிறது, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தார்கள். இவன் எழுதிய மூன்று அங்குலங்களை நம்பித்தான். எதிர்முனையில் பேசியதெல்லாம் ராயப்பன் காதிலும் விழுந்தது. உடனே மாற்றுப் பம்பை ஓட்டச் சொல்லிவிட்டு, கீழே தரையைப் பார்க்க ஆள் அனுப்பச் சொல்லிவிட்டு, வேணு போனை வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து ராயப்பன் நின்றான். அவர் ரிஜிஸ்டரைப் பின்னோக்கிப் புரட்ட ஆரம்பித்தார். சித்திரை, பங்குனி, மாசி.

"இதுல வேற எதெல்லாம் உக்காந்து எழுதினது?"

"வேற எதுவும் இல்ல சார்."

உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்கு இப்போது எடை இல்லை என்று சொன்ன வாய்க்கே தெரிந்தது. வேணு அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு ஏறியிருக்குங்கறத மட்டும் நான் எப்படி நம்பறது?"

ராயப்பன் தோளில் கிடந்த டேப்பை எடுத்து நீட்டினான். நீட்டிய பிறகுதான் பார்த்தான். ஈரம் எப்போதோ காய்ந்து, சாக்பீஸ் வெளேரென்று இருந்தது. அதில் ஒரு கோடும் இல்லை.

வேணு சைக்கிளை எடுத்தார். அவனைப் பின்னால் உட்காரச் சொன்னார். மணல் பாதையில் சைக்கிள் திணறியபோது ராயப்பன் இறங்கித் தள்ளினான், மறுபடி ஏறிக்கொண்டான். லிஸ்டைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. பயம் இருந்தது, வெட்கம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மூன்று மைலை இன்றைக்கு இரண்டாம் தடவை கடக்கிற அசதி இருந்தது. அப்படியே ஒரு முந்திரி மரத்தடியில் படுத்துவிடலாம் போலிருந்தது.

குழாயின் மூடியை அவன் திருகித் திறந்தான். டேப்பில் சாக்பீஸ் தடவக் குனிந்தபோது வேணு கையை நீட்டினார்.

"குடு. நான் பாக்கறேன். நீ அப்பால நில்லு."

சாக்பீசையும் டேப்பையும் கொடுத்துவிட்டு ராயப்பன் நாலடி விலகி, மரங்களைப் பார்த்துத் திரும்பி நின்றான். ஒன்றரை வருடத்தில் வேறொரு கை அந்தக் குழாயில் டேப் விடுவது இதுதான் முதல் தடவை. முதுகுக்குப் பின்னால் ஈயக்குண்டு இரும்பில் இடித்து இடித்துக் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. பழக்கத்தில் அவன் வாய் அடிகளை எண்ணிக்கொண்டே வந்தது. சத்தம் நின்றது. பிறகு டேப் மெதுவாக மேலே ஏறத் தொடங்கியது. என்னவென்று கேட்காமல், சாக்பீஸ் ஒட்டிய விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவன் நின்றிருந்தான்.