எப்போதும் இரண்டாவது வந்த ஜவுபர்

சாய்ந்தமருது நஜீம் கார்ப் பந்தயத்தில் ஒருநாளும் தோற்றதில்லை. இதைக் கேட்டு யாரும் வாயைப் பிளப்பதற்கு முன் இரண்டு விடயங்களைச் சொல்லிவிட வேண்டும். கார் உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஓட்டுவதும் அவர் ஒருவர்தான்.

கல்முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும், ஐம்பத்தேழு வயது மனிதர். பகல் முழுக்க ஊராரின் கண்ணுக்குக் கண்ணாடி பூட்டிவிட்டு, அஸர் தொழுத கையோடு வீட்டுக்கு வந்து, மேல்மாடி ஹோலில் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு குந்துவார். பிறகு பொம்மைக் கார் விடுவார். பொம்மை என்றால் அவருக்குக் கோபம் வரும். ஸ்லொட் கார் என்று சொல்ல வேண்டும்.

கறுப்புப் பிளாஸ்டிக் துண்டுகளைப் பொருத்திச் செய்த பாதை. அதில் இரண்டு பள்ளக் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் இரு கரையிலும் மின்சாரம் ஓடும் தகரக் கீற்று. காரின் வயிற்றிலுள்ள சின்ன முள் அந்தக் கோட்டுக்குள் இறங்கி நிற்கும். கையிலிருக்கும் கொன்ட்ரோலரை அமுக்கினால் கார் பறக்கும். வளைவில் விரலைத் தளர்த்தாவிட்டால் பாதையை விட்டே பறந்து சுவரில் மோதும். வித்தை எல்லாம் அந்த ஒற்றை விரலில்தான். அந்த விரலைப் பற்றி நஜீமுக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது.

கட்டாரில் வேலை செய்த காலத்தில், ஊர் திரும்பிய ஓர் இங்கிலாந்துக் குடும்பம் குப்பையில் போட இருந்த பெட்டிதான் ஆரம்பம். அறுபதுகளில் செய்த சாமான். அதற்குப் பிறகு பைத்தியம் பிடித்துவிட்டது. லண்டனிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் சொக்லட் கொண்டுவர ஆசைப்பட்டார்கள். நஜீம் அவர்களின் பயணப் பெட்டிகளை அரை நூற்றாண்டு பழைய பிளாஸ்டிக்கால் நிரப்பினார். கடல் காற்று தகரக் கீற்றில் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், வாராவாரம் கண்ணாடி துடைக்கும் துணியால் பாதை முழுக்கத் துடைப்பார். டயர் இறுகிப்போனால் சைக்கிள் வால்வ் டியூபை வெட்டி மாட்டுவார். இதே கவனத்தோடு வீட்டுக் கூரையையும் பார்த்திருந்தால் குசினி ஒழுகாது என்பது மனைவி பஸ்மிலாவின் கட்சி. முகநூலில் இந்தக் கார்ப் பிரியர்களுக்கு ஒரு குழு இருந்தது. அதில் நஜீம் தன்னை இலங்கைச் சாம்பியன் என்று அறிமுகப்படுத்தியிருந்தார். இலங்கையிலிருந்து வேறு யாரும் அந்தக் குழுவில் இல்லாததால் அது பொய்யும் இல்லை.

ஒரே ஒரு குறை. அந்தப் பழைய பெட்டிகளின் மூடிப் படங்களில் எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் கையில் ஒரு கொன்ட்ரோலர், மற்றவர் கையில் மற்றது, இருவரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நஜீம் அந்த மூடிகளை அலுமாரிக்குள் படம் சுவர்ப் பக்கம் திரும்பும்படி அடுக்கி வைத்தார்.

இரண்டாவது ஆளுக்கு அவர் ஒரு றப்பர் பேண்ட் கண்டுபிடித்தார். மற்றக் கொன்ட்ரோலரை அளவாக அமுக்கி, அதைச் சுற்றிக் கட்டிவிட்டால் அந்தக் கார் ஒரே வேகத்தில் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பச்சைக் காரின் முதுகில் சின்னக் காகிதம் ஒட்டி, ‘ஜவுபர்’ என்று பெயரும் எழுதினார். ஜவுபர் என்பவர் பஸ்மிலாவின் காக்கா, அதாவது மூத்த சகோதரர். முதற் பெட்டியைத் திறந்த அன்று, “மச்சான், கட்டாருக்குப் போனவனெல்லாம் டீவி கொண்டு வாறான். நீங்க பிள்ளையள்ற வெளாட்டுச் சாமான் கொண்டு வந்திரிக்கீங்க” என்று ஊர் கேட்கச் சிரித்தவர். அன்றிலிருந்து ஜவுபர் தினமும் தோற்றுக்கொண்டிருந்தார், தனக்கே தெரியாமல்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மகள் ஆதிலாவுக்குக் கலியாணம் பேசும் வரை.

இந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். நஜீமும் அப்படி வந்து ஏறியவர்தான். இப்போது அந்த வீடு ஆதிலாவுக்குப் போகும். நஜீமும் பஸ்மிலாவும் பின்வளவில் கட்டுகிற சின்ன வீட்டுக்கு மாறுவார்கள். அங்கே கட்டில் போட்டால் காலை வைக்க இடமில்லை, கார்ப் பாதை எங்கே போடுவது? கலியாணப் பேச்சு நடந்தபோது எல்லாரும் மாப்பிள்ளை இஹ்ஸானின் குணத்தைப் பற்றிக் கதைத்தார்கள். நஜீம் மட்டும் மனதுக்குள் ஹோலின் நீள அகலத்தை அளந்துகொண்டிருந்தார். நல்ல வாப்பா!

மாப்பிள்ளையின் வாப்பா மஜீட், மருதமுனையில் சாரன் வியாபாரி. துணியை விரலால் தடவியே எந்த இழையில் குறை என்று சொல்லக்கூடியவர். இதற்கு முன் பார்த்த ஒரு வீட்டில், சுவரில் ஈரம் என்று பாதிச் சாப்பாட்டில் எழும்பி வந்தவர் என்றும் கதை. ஆதிலாவுக்கோ இஹ்ஸானைத் தவிர வேறு யாரும் வேண்டாம். அதை அவள் வாயால் சொல்லவில்லை. ஆனால் மஜீட் வீடு பார்க்க வருகிறார் என்றதும், ஒருநாளும் விளக்குமாறு தொடாதவள் ஜன்னல் கம்பிகளை எல்லாம் ஈரத்துணியால் துடைத்தாள். நஜீம் அதைக் கவனித்தார்.

“ஆதிலாட வாப்பா, மேல ஹோல்லதான் ஆம்புளைகளுக்குச் சோத்துச் சஹன் வெக்கணும். உங்கட கார்க் கடையக் கட்டுங்க” என்றாள் பஸ்மிலா.

“எல்லாத்தையும் கட்டிட்டன் புள்ள” என்றார் நஜீம்.

கட்டவில்லை. பழைய பிளாஸ்டிக், கழற்றினால் பொருத்துகிற நாக்குகள் உடைந்துவிடும். அதைவிட முக்கியமான காரணம், ஒருமுறை கழற்றினால் மறுபடி பூட்ட இடம் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் அவருடைய மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும்போதெல்லாம் வீட்டுக்கு ஒரு நட்டம் வருவது வழமை. வீடு கட்டிய காலத்தில் மேசன்மார் ஏறி நின்ற தடித்த பலகைகள் கிடந்தன. பாதையைச் சுற்றியும் நடுவிலும் கல் அடுக்கி, அவற்றின் மேல் பலகைகளைப் பரப்பி, பாயும் வெள்ளைத் துணியும் விரித்தார். ஹோலின் நடுவே ஒரு தாழ்ந்த மேடை எழும்பிவிட்டது. பஸ்மிலா மேலே வந்து பார்த்து, “மாஷா அல்லாஹ், மேடையெல்லாம் போட்டிரிக்கீங்க” என்றாள். அவள் வாயால் பாராட்டுக் கேட்டு நீண்ட காலம். நஜீம் அதை வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பகல், விருந்தாளிகள் வருவதற்குச் சற்று முன் அவருக்கு ஒரு சந்தேகம். பலகைக்கு அடியில் கார் தட்டாமல் ஓடுமா? விருந்துக்கும் அந்தக் கேள்விக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் ஓரப் பலகையைத் தூக்கி, றப்பர் பேண்டைப் போட்டு ஜவுபரை ஓட விட்டார். அழகாக ஓடினார் ஜவுபர். மூன்றாவது சுற்றில் கரண்ட் போனது. கீழேயிருந்து பஸ்மிலா, “வந்துட்டாங்க!” என்று கத்தினாள். நஜீம் பலகையை மூடி, துணியை இழுத்து விட்டு, சேர்ட்டை மாட்டிக்கொண்டு ஓடினார். சுவிட்சை அணைக்கவில்லை. இந்த ஊரில் கரண்ட் போனால் யார்தான் சுவிட்சை அணைக்கிறார்கள்? கரண்ட் வந்தது தெரிய வேண்டுமே.

சஹனைச் சுற்றி ஐந்து பேர் அந்த மேடையில் சம்மணம் போட்டு அமர்ந்தார்கள். மஜீட், அவருடைய இரண்டு தம்பிமார், ஜவுபர், நஜீம். நடுவே எல்லாரும் சேர்ந்து உண்ணும் அந்தப் பெரிய தட்டில் நெய்ச்சோறும் கோழியும். மஜீட் மாடிப்படி ஏறும்போதே சுவரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். “நஜீம் ஹாஜி, காத்து நல்லா வருது” என்று மட்டும் சொன்னார். பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள். பாதிச் சஹன் முடியும்போது தலைக்கு மேல் விசிறி சுழலத் தொடங்கியது.

“அல்ஹம்துலில்லாஹ், கரண்ட் வந்திட்டு” என்றார் ஜவுபர்.

விசிறி மட்டுமல்ல, மற்ற ஜவுபரும் புறப்பட்டுவிட்டார்.

முதலில் மஜீடின் சின்னத் தம்பி திடுக்கிட்டு ஒரு பக்கத் தொடையைத் தூக்கினார். அடுத்து மற்றத் தம்பி தூக்கினார். அடுத்து மஜீட். பலகைக்கு அடியில் ஏதோ ஒன்று ‘கிர்ர்’ என்று ஒவ்வொருவரின் கீழும் முறை வைத்துப் போய்க்கொண்டிருந்தது. நஜீமின் அடியாலும் அது போனது. தொடையைத் தூக்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். அது யார் என்று அவருக்குத் தெரியும். ஒரு சுற்று முடிந்து அது மறுபடி சின்னத் தம்பியிடம் வந்தது.

“எலி!” என்றார் அவர்.

மஜீடின் கை சோற்றில் நின்றது. “வீட்டுல எலியா?”

நஜீமின் வாயில் கோழித் துண்டு. எலி என்று தலையாட்டினால் அவருடைய மானம் தப்பும். ஆனால் ஈரச் சுவருக்கே எழும்பிப் போன மனிதர், சஹனுக்கு அடியில் எலி ஓடுகிற வீட்டில் மகனைக் கொண்டுவந்து விடுவாரா? படிக்கட்டின் கீழே ஆதிலா நின்று காது கொடுத்துக்கொண்டிருப்பாள் என்பது நிச்சயம். துடைத்த ஜன்னல் கம்பிகள் வெயிலில் மினுங்கின. பெற்ற பிள்ளைக்கும் ஒரு எலிக்கும் இடையில் தெரிவு செய்ய இத்தனை நேரம் எடுக்கிறோமே என்று அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

“எலி இல்ல” என்றார் விழுங்கிவிட்டு. “அது என்ட கார்.”

யாருக்கும் விளங்கவில்லை. எல்லாரையும் எழுப்பி, சஹனை ஓரமாக நகர்த்தி, பலகையைத் தூக்கினார். பச்சைக் கார் வளைவால் வந்தது. ஜவுபர் குனிந்து அதைத் தூக்கி, நஜீமின் கடையில் வாங்கிய கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் படித்தார்.

“மச்சான், இது என்ட பேரா?”

“ஓம்.”

“என்ட பேர என்னத்துக்கு?”

“பந்தயத்துக்கு.”

“அப்ப நான் எத்தினயாவது வாற?”

“எப்பயும் ரெண்டாவது, மச்சான்.”

ஜவுபரின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. “பரவாயில்ல. எத்தின கார் ஓடும்?”

“ரெண்டு.”

தம்பிமார் இருவரும் சோற்றுக் கையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். மஜீட் சிரிக்கவில்லை. அவர் குனிந்து றப்பர் பேண்ட் கட்டிய கொன்ட்ரோலரை எடுத்து, இழையில் குறை தேடுகிறவர் போல விரலால் தடவினார்.

“இது என்னத்துக்குக் கட்டியிருக்கி?”

காரைச் சொன்னது இலகுவாக இருந்தது. இதைச் சொல்வது அப்படி இல்லை. படிக்கட்டில் பெண்கள் வந்து நின்றார்கள். முன்னால் பஸ்மிலா, பின்னால் ஆதிலா. “இது ரெண்டு பேர் வெளாடுற சாமான்” என்றார் தரையைப் பார்த்து. “கூட வெளாட ஆளில்ல. அதான் கட்டி விடுற.”

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஐம்பத்தேழு வயதில், சம்பந்தம் பேச வந்தவர்களின் முன்னால் இப்படி அழுகை வரப்பார்ப்பது அவருக்கு அவமானமாக இருந்தது.

மஜீட் கொன்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்தார். “சம்மந்தி, சோறு ஆறுது. வாங்க, இரிங்க” என்றார்.

வந்ததிலிருந்து ‘நஜீம் ஹாஜி’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர். படிக்கட்டில் ஆதிலா பஸ்மிலாவின் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பின்னேரம் அவர்கள் புறப்படும்போது மஜீட் வாசலில் நின்று, “வீட்டுல எலி இல்ல, அது தெளிவு” என்றார். பஸ்மிலா கொடுத்துவிடுவதற்கு நெய்ச்சோற்றைப் பையில் போட்டு, வாயைக் கட்ட ஒன்றும் கிடைக்காமல் தேடினாள். பிறகு விறுவிறுவென்று மேலே ஏறிப் போய், திரும்பி வந்து, ஒரு றப்பர் பேண்டால் பையை இறுக்கிக் கட்டிச் சம்மந்தியின் கையில் கொடுத்தாள். அது எந்த றப்பர் பேண்ட் என்று நஜீமுக்குப் பார்த்ததும் தெரிந்தது. இத்தனை வருடம் கூட விளையாடியவர் மருதமுனைக்குப் போய்விட்டார்.

ஜவுபர் கீழே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நஜீம் பாதையைக் கழற்றலாம் என்று மேலே போனபோது, பலகைகளைத் தள்ளிவிட்டு பஸ்மிலா தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் மற்றக் கொன்ட்ரோலர்.

“இத எப்பிடி அமுத்துற?”

“உங்களுக்கு வேணாம் புள்ள, நீங்க சிரிப்பீங்க.”

“சிரிப்பன்தான். ஆனா ஒருநாளாவது கேட்டீங்களா? நான் கீழ தனிய டீவி பாத்துட்டு இருந்தன்.”

நஜீம் தன் சிவப்புக் காரைப் பாதையில் வைத்தார். பக்கத்தில் குந்தினார். சாம்பியன் என்ற முறையில், வளைவில் விரலைத் தளர்த்த வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுத்தார். பந்தயம் தொடங்கியது. பஸ்மிலா வளைவில் மெதுவாகவும் நேர்ப்பாதையில் வேகமாகவும் போனாள். றப்பர் பேண்ட் ஒருநாளும் அப்படிப் போனதில்லை. நஜீம் பக்கத்தில் வந்த பச்சைக் காரைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். நுனிநாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, முக்காடு சரிந்தது தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். விரலைத் தளர்த்த மறந்துபோனார். இலங்கைச் சாம்பியனின் சிவப்புக் கார் வளைவில் கிளம்பி, சுவரில் மோதி, ஓரமாக இருந்த சஹனில் எஞ்சியிருந்த நெய்ச்சோற்றுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

பச்சைக் கார் அமைதியாக முடிவுக் கோட்டைத் தாண்டியது. பஸ்மிலா கொன்ட்ரோலரைப் போட்டுவிட்டு எழும்பிப் படிக்கட்டுப் பக்கம் ஓடினாள்.

“காக்கா!” என்று கீழே பார்த்துக் கத்தினாள். “நீங்க வெண்டுட்டீங்க!”