யோகராணிக்கு வந்த மெஷின்

பார்க்டேலில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் லோண்ட்ரியில் உடுப்புத் தோய்க்கும் மெஷின்களில் பாதி எப்போதும் பழுது. அங்கே கூடுகிற தமிழ்ப் பெண்களின் வாய்க்கு மட்டும் ஒருநாளும் பழுதில்லை. யோகராணி உயிரோடிருந்ததே அந்த இடத்தில்தான்.

கடைக்கும் கோயிலுக்கும் புருஷன் இரத்தினவேலோடுதான் போகலாம். டெலிபோனில் கதைத்தாலும் பக்கத்தில் வந்து நிற்பான். உடுப்புத் தோய்க்க மட்டும் அவள் தனியே இறங்கலாம். லோண்ட்ரிக் கூடை தூக்குவது ஆம்பிளைக்கு வெட்கமாம். அந்த வெட்கம் நீடூழி வாழ்க!

ஊத்தை உடுப்புத் தீர்ந்தால், தோய்த்து மடித்ததையே அள்ளிக்கொண்டு இறங்குவாள். அங்கே கூடுகிறவர்களில் ஒருத்தி றோஸ்மேரி பகிடி விட எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். தன் கதையை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் அவன் காதுக்குப் போய்விடும் என்ற பயம்.

லோண்ட்ரிக்கு வரும் பக்கத்து வீட்டுக் கிளடிஸ் அன்ரி தங்கமான மனுசி. ஒருநாள் லிஃப்டில் இரத்தினவேலைக் கண்டதும், "தம்பி, அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் கூடை சுமக்குது. ஒரு சின்ன மெஷின் வாங்கிக் குடுங்கோவன்" என்றார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அடுத்த கிழமையே சமைக்கிற குசினிக்குள் மெஷின் வந்து நின்றது.

"இனி நீ கீழை போகத் தேவையில்லை" என்றான், பெருமையாக.

குடுத்து வைச்சவள் என்று லோண்ட்ரியில் கதைத்தார்களாம். குடுத்து வைச்சவளுக்கோ நாலு சுவருக்குள் விசர் பிடிக்கும்போல் இருந்தது. ஒரு காலை, அவன் வேலைக்குப் போனதும், மெஷினின் தண்ணீர்க் குழாயைக் கழற்றி நிலத்தில் போட்டாள். பழுதாகிவிட்டது என்று சொல்லலாம். திரும்பவும் கீழே போகலாம்.

தண்ணீர் காப்பெற் விரிப்பை நனைத்து, கதவுக்குக் கீழால் கொரிடோருக்கு ஓடியது. கிளடிஸ் அன்ரி பதறியடித்துக்கொண்டு வந்து பைப்பைப் பூட்டினார்.

"அழாதை பிள்ளை. நான் தம்பியோட கதைக்கிறன்."

"ஐயோ, வேண்டாம் அன்ரி!" யோகராணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் கதைச்சபடியால்தான் இது வந்தது. இன்னொருக்காக் கதைச்சால் இதைவிடப் பெரிசு வரும். நான்தான் குழாயைக் கழட்டினனான். எனக்கு உங்களெல்லாரோடையும் வந்து இருக்கோணும். வேறை எங்கையும் அவர் என்னை விடமாட்டார்."

அன்ரி நனைந்த காலோடு அப்படியே நின்றார்.

"அவன் எப்ப வருவான்?"

"பின்னேரம்."

"அப்ப செருப்பைப் போடு. கீழை எல்லாரும் நிக்கினம். எனக்குச் சொன்னதை அவையளுக்கும் சொல்லு."

யோகராணி செருப்பைத் தேடினாள்.