எலுமிச்சைக் கை

அங்கன்வாடி டீச்சர் கன்னியம்மாள் சினேகாவின் சட்டையைப் பின்பக்கம் தூக்கிக் காட்டினார். நாலு வயசுக் குழந்தையின் முதுகில் விரல் விரலாகக் கருஞ்சிவப்புத் தடம்.

"உன் கைய வெச்சுக் காட்டும்மா" என்றார் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்திருந்த ராஜேந்திரன்.

குழந்தையின் அம்மா அன்புச்செல்வி தன் கையை அந்தத் தடத்தின் மேல் வைத்தாள். அச்சு எடுத்தாற்போலப் பொருந்தியது.

"கை யாருது?"

"என்னுதுதான். ஆனா நான் அடிக்கல சார்."

"அத குழந்தைகள் நலக் கமிட்டில சொல்லு. அதுவரைக்கும் புள்ள ஹோம்ல இருக்கட்டும்." அவர் எழுதத் தொடங்கினார்.

வாசலில் நின்ற தாய்மார்களில் ஒருத்தி முணுமுணுத்தாள்: "பௌர்ணமியன்னிக்கு முந்நூறு எலுமிச்சம்பழம் புழியறா. அந்த எரிச்சல புள்ள மேலதான் காட்டுவா."

பழம். அன்புச்செல்வி நிமிர்ந்தாள்.

மூன்று நாள் முன்பு, பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் பகலிலேயே கூட்டம். எலுமிச்சை ஜூஸ் வண்டியில் அவள் ஒற்றை ஆள். புழுக்கம் தாங்காமல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நடுரோட்டுக்கு ஓடிய சினேகாவை, சாறு வழியும் இரண்டு கையோடும் ஓடிப்போய் முன்னால் மறித்து அக்குளுக்குக் கீழே பிடித்துத் தூக்கி வந்தாள். வண்டி மேல் உட்கார வைத்தாள். உச்சி வெயில். துடைத்துவிட ஏது நேரம்? மணிக்கட்டில் தனக்கு எப்போதும் இருக்கும் கருந்திட்டுகளைத் தொழில் கறை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

குழந்தையைத் திருப்பிச் சட்டையின் முன்பக்கத்தைத் தூக்கினாள். நெஞ்சின் இரண்டு ஓரத்திலும் கட்டைவிரல் தடம்.

"நல்லா பாருங்க சார். முன்னாடி பெருவிரலு, பின்னாடி நாலு விரலு. அடிக்கிறவ இப்டியா அடிப்பா? இது தூக்குன கை. எலுமிச்சை சாறு பட்டு, வெயில்ல வெந்த தோலு."

கன்னியம்மாளின் குரல் இறங்கியது. "முன்பக்கம் நான் பாக்கலியே சார்..."

"இதெல்லாம் டாக்டர் சொல்லணும்மா" என்றார் ராஜேந்திரன்.

"கூப்புடுங்க. தோல் டாக்டரையே கூப்புடுங்க."

விடுவிடுவென்று எதிரே நின்ற தன் வண்டிக்குப் போனாள். ஒரு பழத்தை அரிந்து வலது உள்ளங்கையில் பிழிந்தாள். அந்தக் கையை இடது முழங்கைக்குக் கீழே அழுத்தி எடுத்தாள். திரும்பி வந்து அங்கன்வாடி முற்றத்தின் நட்டநடுவே, வெயிலில், சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நாளைக்கோ நாளான்னிக்கோ இதே கைத்தடம் இந்தத் தோல்ல வரும். வரலேன்னா நீங்க சொல்ற எடத்துக்கு புள்ளய நானே கூட்டினு வரேன். அதுவரைக்கும் புள்ள எங்கிட்டதான். எழுதறத எழுதிக்கோங்க."

"வீம்பு ஜாஸ்திதான் உனக்கு."

"பெத்தவளாச்சே சார். கம்மியாவா இருக்கும்?"

ராஜேந்திரனின் பேனா நின்றது. அந்த வரியை முடிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை.

சினேகா ஓடிவந்து தன் கையையும் நீட்டினாள். "எனக்கும்மா!"

"நிழலுக்குப் போடி!"

குழந்தை வேப்பமரத்தடிக்கு நகர்ந்தது. மலைக்கு மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நீட்டிய கையில் இன்னும் ஒன்றுமில்லை. சாறு மட்டும் காய்ந்து தோலை இறுக்கத் தொடங்கியிருந்தது.